புள்ளிகளால் எழுந்த ஓவியங்கள்



ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள நீர்வீழ்ச்சிதான். அவ்வூரில் காணத்தக்க வேறொரு காட்சியும் உண்டு. ஜொகூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. இருட்டிய பிறகு படகில் சென்றால் அம்மரங்களில் மின்மினிகள் மொய்த்திருப்பதைப் பார்க்கலாம். மலாய் மக்கள் அவற்றைக் கெலிப்-கெலிப் என்பர். படகு மரத்தை நெருங்கும்போது ஒவ்வொரு மின்மினியும் தனித்தனிப் பொட்டாகத் தெரிகிறது. படகு விலகிச் செல்லச் செல்லப் பொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, மரமே ஒளி வீசுவது போலத் தோன்றுகிறது. மின்மினிகள் இடம் மாறவில்லை. விலகியவர்கள் நாம்தான். சிதறிக் கிடந்த பொட்டுகளைச் சேர்த்து ஒரு மரமாக்கிக் காட்டியது நமது கண்.

கண்ணின் இந்த ஆற்றலை நம்பி ஓவியம் தீட்டியவர்கள் உலகில் உண்டு. தூரிகையை இழுத்து வண்ணம் பூசுவதை விட்டு, புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்தே அவர்கள் மனிதரையும் மரத்தையும் மானையும் மயிலையும் உருவாக்கினார்கள். அவர்களுள் முன்னோடிகளான இருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒருவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் செரா. மற்றவர் இந்தியாவின் நடுப்பகுதியில், மத்தியப் பிரதேசக் கிராமம் ஒன்றில் பிறந்த ஜன்கர் சிங் ஷியாம். முன்னவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே பின்னவர் பிறந்தார். ஒருவர் அறிவியல் நூல்களைப் படித்துப் புள்ளிக்கு வந்தார். மற்றவர் தம் இனத்தாரின் பாட்டிலிருந்தும் மண்சுவரிலிருந்தும் புள்ளிக்கு வந்தார். இவ்விருவரையும் ஏன் சேர்த்துப் பேசுகிறேன் என்பது பேச்சின் முடிவில் உங்களுக்கே விளங்கும்.

முதலில் பிரான்சுக்குப் போவோம். இந்தக் கதை ஓர் ஓவியரிடம் தொடங்கவில்லை. சாயத் தொட்டியில் தொடங்குகிறது.

பாரிஸ் நகரில் கோப்லென் என்னும் புகழ்பெற்ற அரசு நெசவுக்கூடம் உண்டு. சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளை அங்கே நெய்தார்கள். 1824இல் அங்குள்ள சாயப் பிரிவுக்குத் தலைவராக ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் அமர்ந்தார். அவரிடம் ஒரு புகார் வந்தது. கறுப்புச் சாயம் சரியில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் கறுப்பு வெளிறித் தெரிகிறது என்றார்கள். ஷெவ்ரல் சாயத்தை ஆராய்ந்தார். சாயத்தில் குறை ஏதும் இல்லை. குறை என்று அவர்கள் கருதியது, பக்கத்தில் இருந்த நிறத்தின் விளைவு. ஒரு நிறம் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்று அவர் கண்டார்.

இதை நீங்களும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் தாளின் மீதும் மற்றொன்றைக் கறுப்புத் தாளின் மீதும் வையுங்கள். வெள்ளையின் மீதுள்ள துண்டு கருமையாகவும், கறுப்பின் மீதுள்ளது வெளுப்பாகவும் தெரியும். அவ்வாறே சிவப்பும் பச்சையும் அருகருகே இருந்தால் சிவப்பு மேலும் சிவக்கும். பச்சை மேலும் பசுமை கொள்ளும். இவற்றையெல்லாம் தொகுத்து 1839இல் ஷெவ்ரல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்த அந்த அறிஞர், தம் நூல் ஓவியக் கலையில் ஒரு புதுவழியைத் திறந்ததைத் தம் முதுமையிலேயே காணும் பேறு பெற்றார்.

அந்தப் புதுவழியைத் திறந்தவர் ஜார்ஜ் செரா. 1859ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் பாரிசில் பிறந்தவர். அதிகம் பேசாதவர், கடும் உழைப்பாளி. 1878இல் பாரிசின் அரசு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். ஷெவ்ரலின் நூலையும், ஒளியையும் நிறத்தையும் பற்றி அமெரிக்க அறிஞர் ஆக்டன் ரூட் எழுதிய நூலையும் அவர் ஊன்றிப் படித்தார்.

அவர் மனத்தில் எழுந்த வினா இதுதான். ஓவியர் ஒருவர் இரண்டு வண்ணங்களைப் பலகையில் குழைத்தால், குழைத்த வண்ணம் மங்குகிறது. மேலும் மேலும் வண்ணங்களைச் சேர்த்தால் கடைசியில் சேற்று நிறம்தான் மிஞ்சுகிறது. பள்ளிப் பிள்ளைகள்கூட இதை அறிவார்கள். ஒவ்வொரு வண்ணமும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. குழைத்த வண்ணத்தில் விழுங்குவோர் இருவராகிவிடுகின்றனர். அப்படியானால் வண்ணங்களைப் பலகையில் குழைக்காமலே இருந்தால் என்ன? தூய வண்ணங்களைச் சின்னஞ்சிறு புள்ளிகளாகத் துணியில் அருகருகே வைத்துவிட்டால், தொலைவில் நிற்பவரின் கண்ணே அவற்றைக் குழைத்துக்கொள்ளாதா?

இதற்கு முன்பே இம்ப்ரெஷனிச ஓவியர்கள் என்று அழைக்கப்பட்ட மோனே, பிசாரோ முதலானவர்கள் சிறுசிறு தீற்றல்களால் வெயிலையும் நீரையும் தீட்டிக் காட்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் கண் கண்டதைக் கை விரைந்து தீட்டும் முறையினர். செராவோ ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் தேடியவர்.

1884இல் அவர் தமது முதல் பெரிய ஓவியத்தை முடித்தார். ஆஸ்னியேர் என்னுமிடத்தில் ஆற்றங்கரையில் குளித்து இளைப்பாறும் உழைப்பாளிகளின் காட்சி அது. அக்காலத்தில் பாரிசில் ஓவியர் ஒருவர் பெயர் பெற வேண்டுமானால், சலோன் எனப்பட்ட ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற வேண்டும். சலோனின் நடுவர்கள் செராவின் ஓவியத்தைத் தள்ளிவிட்டார்கள். இன்று அந்த ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது.

தள்ளப்பட்டவர்கள் சோர்ந்து போகவில்லை. நடுவரும் பரிசும் இல்லாத கண்காட்சி ஒன்றைத் தாங்களே அமைத்தார்கள். அங்கேதான் பால் சின்யாக் என்ற இளைஞரைச் செரா சந்தித்தார். சின்யாக்கின் வயது அப்போது இருபது. படகோட்டுவதில் பெருவிருப்பம் உடையவர், கலகலப்பானவர். குணத்தில் இருவரும் இரு துருவங்கள். ஆயினும் அந்த நட்பு புள்ளி ஓவியத்தின் வரலாற்றையே அமைத்தது.

அடுத்து செரா தீட்டியதுதான் அவர் பெயரை நிலைநாட்டிய ஓவியம். பாரிசை ஒட்டி, சேன் ஆற்றின் நடுவே கிராண்ட் ஜாட் என்றொரு தீவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நகரத்து மக்கள் அங்கே உலாவ வருவார்கள். குடை பிடித்த பெண்கள், தொப்பி அணிந்த ஆண்கள், ஓடும் சிறுமி, நாய்கள், ஒரு பெண்மணி கயிற்றில் பிடித்திருக்கும் குரங்கு என்று நாற்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களோடு அந்தப் பிற்பகலை அவர் தீட்டினார். ஓவியத்தின் உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அகலம் மூன்று மீட்டருக்கு மேல். இரண்டு ஆண்டுகள் உழைத்தார். தீவுக்கே பலமுறை சென்று முன்வரைவுகள் தீட்டினார். அவை மட்டுமே ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவ்வளவு பெரிய துணியைச் சிறு தீற்றல்களாலும் புள்ளிகளாலும் நிரப்புவதற்கு எத்தகைய பொறுமை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள், நேயர்களே!

1886ஆம் ஆண்டு மே மாதம் இம்ப்ரெஷனிச ஓவியர்களின் எட்டாவது கண்காட்சி நடந்தது. அதுவே அவர்களின் கடைசிக் கண்காட்சியும் ஆகும். அதில் இந்த ஓவியம் வைக்கப்பட்டது. பலர் சிரித்தார்கள். மனிதர்கள் பொம்மைகளைப் போல விறைத்து நிற்கிறார்கள் என்றும் குறை கூறினார்கள். ஆனால் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் என்ற இளம் திறனாய்வாளர் இதன் அருமையை உணர்ந்தார். ‘நியோ-இம்ப்ரெஷனிசம்’, அதாவது புதிய இம்ப்ரெஷனிசம் என்று அவர் இட்ட பெயர் நிலைத்தது. புள்ளி ஓவியம் என்ற பொருள் தரும் ‘பாயின்டிலிசம்’ என்ற பெயரும் பரவியது. செராவுக்கோ அந்தப் பெயரில் விருப்பம் இல்லை. புள்ளி ஒரு கருவியே, வண்ண ஒளியே நோக்கம் என்பது அவர் கொள்கை.

அவருடைய கொள்கை முற்றிலும் வெற்றி பெற்றதா என்று கேட்கலாம். முழுவதும் இல்லை என்பதே நேர்மையான விடை. மஞ்சள் புள்ளியையும் நீலப் புள்ளியையும் அருகருகே வைத்தால் நல்ல பச்சை கிடைப்பதில்லை; பெரும்பாலும் சாம்பல் சாயல்தான் கிடைக்கிறது. புள்ளிகள் கண்ணில் கலக்கும்போது அவற்றின் ஒளி கூடுவதுமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒளியே தோன்றுகிறது. செராவின் ஓவியம் துடிப்போடு மின்னுவதற்குக் காரணம், புள்ளிகள் முழுவதும் கலந்துவிடாமல், கலந்தும் கலவாமலும் நிற்பதே. இன்னொரு சோதனையும் நேர்ந்தது. அவர் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் என்னும் புதுச்சாயம் சில ஆண்டுகளிலேயே பழுப்பாக மாறத் தொடங்கியது. வெயில் பட்ட புல்வெளியில் அவர் வைத்த மஞ்சள் புள்ளிகள் பல இன்று பழுப்புப் புள்ளிகளாகவே உள்ளன.

செராவின் வாழ்வும் புள்ளியளவே. 1891ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் திடீர் நோயால் அவர் மறைந்தார். வயது முப்பத்தொன்று. இரண்டு வாரத்தில் அவருடைய சின்னஞ்சிறு மகனும் இறந்தான். ‘சர்க்கஸ்’ என்ற ஓவியம் முடிக்கப்படாமலே நின்றது.

அந்த முறை அவரோடு அழிந்து போயிருக்கலாம். அழியாமல் காத்தவர் சின்யாக். புள்ளி முறையைக் கடல்துறைகளிலும் படகுகளிலும் கையாண்டதோடு, 1899இல் அதன் வரலாற்றையும் கொள்கையையும் விளக்கி ஒரு நூலும் எழுதினார். செராவை விட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவரான பிசாரோ, தம் ஐம்பதுகளில் இளைஞரிடமிருந்து இம்முறையைக் கற்றுச் சில ஆண்டுகள் பின்பற்றினார். வேலை மிக மெதுவாகச் செல்கிறது என்று பிறகு விட்டுவிட்டார். வான்கோவும் பாரிசில் வாழ்ந்தபோது இதனால் ஈர்க்கப்பட்டார். 1904இல் மத்தீஸ் என்ற ஓவியர் தென்கடற்கரையில் சின்யாக்குடன் தங்கி இம்முறையைப் பயின்றார். இருபதாம் நூற்றாண்டின் வண்ணப் புரட்சி அங்கிருந்து கிளைத்தது. கிராண்ட் ஜாட் ஓவியம் 1926 முதல் அமெரிக்காவின் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது.

நேயர்களே, அன்று சிரிக்கப்பட்ட அந்தக் கருத்து இன்று உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாளிதழில் அச்சான வண்ணப் படம் ஒன்றை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு வண்ணப் புள்ளிகளே தெரியும். மலேசியத் தொலைக்காட்சி 1978இல் வண்ணத்துக்கு மாறியபோது நாம் வியந்து பார்த்த படங்களும், இன்று கைப்பேசித் திரையில் காணும் படங்களும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூவகை ஒளிப்பொட்டுகளால் ஆனவையே. இவற்றைச் செரா கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. கண் கலக்கும் என்ற அதே உண்மையின் மேல் இவை அனைத்தும் நிற்கின்றன.

இனி இந்தியாவுக்கு வருவோம். செரா புள்ளிக்கு வந்தது நூல் வழி. நூலே இல்லாமல் புள்ளிக்கு வந்தவர்களும் உண்டு. நம் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் இடுவது எந்த நிறவியல் நூலையும் படித்தன்று. மத்திய இந்தியாவில் வாழும் கோண்டு மக்களும் அத்தகையவர்களே. அவர்கள் தங்கள் மண்வீடுகளின் சுவரிலும் தரையிலும் வெள்ளைக் களிமண், காவிமண், மஞ்சள்மண் ஆகியவற்றால் சித்திரக் கோலங்கள் இடுவார்கள். பெண்கள் உடலில் புள்ளியும் கோடுமாகப் பச்சை குத்திக்கொள்வார்கள். கோண்டு மக்களுள் பர்தான் என்னும் பிரிவினர் பாணர் குலத்தினர். பானா என்ற நரம்பிசைக் கருவியை மீட்டி, தெய்வக் கதைகளையும் குல வரலாற்றையும் பாடி, புரவலர் தந்ததைப் பெற்று வாழ்ந்தவர்கள். நம் சங்ககாலப் பாணர்களை நினைத்துக்கொண்டால் இவர்களைப் புரிந்துகொள்வது எளிது. காலப்போக்கில் புரவலர் குறைந்தனர்; பாட்டும் குறைந்தது.

அந்தப் பர்தான் குலத்தில், பாட்டன்கர் என்ற கிராமத்தில், 1960களின் தொடக்கத்தில் பிறந்தவர் ஜன்கர் சிங் ஷியாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பான ‘ஜனகணனை’ நடந்த வேளையில் பிறந்ததால் அப்பெயர் அமைந்தது என்று கூறுவர். வறுமையால் பள்ளிப் படிப்பு நின்றது. எருமை மேய்த்தார், கூலி வேலை செய்தார். சுவரில் சித்திரம் வரைவதில் மட்டும் கை தேர்ந்திருந்தது.

அக்காலத்தில் போபால் நகரில் பாரத் பவன் என்னும் கலை மையம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் கலைக்கூடத்துக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஜெ. சுவாமிநாதன். தமிழ்க் குடும்பத்தில், 1928இல், சிம்லாவில் பிறந்தவர். தாமே சிறந்த ஓவியர். நகரத்து ஓவியமும் பழங்குடி ஓவியமும் ஒரே கூரையின் கீழ், சரிசமமாக வைக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1981இல் அவர் இளம் கலைஞர்களைக் குழுக்களாகக் கிராமங்களுக்கு அனுப்பினார். பாட்டன்கருக்குச் சென்ற குழு, ஒரு வீட்டுச் சுவரில் அனுமனின் சித்திரத்தைக் கண்டு நின்றுவிட்டது. வரைந்தவர் யார் என்று விசாரித்தது. அவர்தான் ஜன்கர், இருபது வயது அளவில் இருந்த இளைஞர்.

போபாலுக்கு வந்த ஜன்கர் முதன்முறையாகத் தாளையும் கடைச் சாயத்தையும் கையில் எடுத்தார். மண் தந்த மூன்று நான்கு நிறங்களையே அறிந்திருந்தவருக்குப் பளிச்சென்ற பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளும் கிடைத்தன. அதுவரை பாட்டில் மட்டும் வாழ்ந்த தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். மானும் முதலையும் பறவையும் மரமும் அவர் தாளில் எழுந்தன. உருவத்தின் உடலை ஒரே வண்ணத்தால் நிரப்பி, அதன்மேல் வேறு வண்ணப் புள்ளிகளை வரிசை வரிசையாக அடுக்குவது அவர் முறை.

செராவின் புள்ளிக்கும் ஜன்கரின் புள்ளிக்கும் உள்ள வேற்றுமையை இங்கே கவனிக்க வேண்டும். செராவின் புள்ளிகள் ஒன்றில் ஒன்று கரைய விரும்புகின்றன. ஜன்கரின் புள்ளிகள் கரைவதில்லை. வரிசை கலையாமல் நின்று, மானின் மயிர்க்கால் போலவும் பறவையின் சிறகு போலவும் உருவத்தைச் சிலிர்க்க வைக்கின்றன. முன்னது ஒளியின் புள்ளி என்றால், பின்னது உயிரின் புள்ளி எனலாம்.

பாரத் பவன் 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1989இல் பாரிஸ் நகரின் பொம்பிடு மையத்தில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் ஜன்கரின் ஓவியங்கள் இடம்பெற்றன. செராவைச் சலோன் நடுவர்கள் தள்ளிய அதே நகரம் அது! போபால் சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களையும் ஜன்கர் தீட்டினார். அவர் தொடங்கிய பாணிக்கு ‘ஜன்கர் கலம்’ என்றே பெயர் வந்தது. தனி ஒருவர் பெயரால் ஒரு பாணி அழைக்கப்படுவது பழங்குடி ஓவியத்தில் அரிது.

ஆனால் முடிவு துயரமானது. 2001ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜப்பானில் ஓர் அரும்பொருளகத்தில் தங்கி ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாற்பது வயதை ஒட்டிய பருவம். கிராமத்துக் கலைஞர்களைத் தொலைநாட்டுக்கு அழைப்பவர்கள் அவர்களை எப்படி நடத்துகிறார்கள், என்ன ஊதியம் தருகிறார்கள் என்ற கேள்வியை இந்தியக் கலைஞர்கள் அப்போது உரக்க எழுப்பினார்கள். ஓவியம் சுவரில் மாட்டப்படுகிறது. ஓவியரின் மதிப்பு எங்கே மாட்டப்படுகிறது என்பதே அக்கேள்வியின் சாரம்.

செராவுக்கு ஒரு சின்யாக் வாய்த்ததுபோல், ஜன்கருக்கு ஓர் உறவுக் கூட்டமே வாய்த்தது. தாம் வாழ்ந்த காலத்திலேயே மனைவி நன்குசியாவுக்கும், ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கும் அவர் தூரிகையைக் கொடுத்திருந்தார். தம்மைப் போலவே வரையும்படி அவர்களை வற்புறுத்தவில்லை. அதனால் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு புள்ளி வரிசையை, ஒரு கோட்டு நெசவை அமைத்துக்கொண்டார்கள். கையெழுத்தைப் பார்க்காமலே, நிரப்பிய முறையைக் கொண்டு வரைந்தவரை அடையாளம் சொல்லலாம்.

அவர்களுள் ஒருவர், ஜன்கரின் மருமகன் முறையான பஜ்ஜு ஷியாம். இலண்டனுக்குச் சென்று வந்த தம் அனுபவத்தை அவர் ஓவியங்களாக்கினார். அதில் இலண்டனின் பெரிய மணிக்கூண்டும், விடியலில் கூவி நேரம் உணர்த்தும் சேவலும் ஒன்றாகிவிட்டன. இந்நூலை 2004இல் வெளியிட்டது நம் சென்னையின் தாரா பதிப்பகம். 2006இல் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரும் மரங்களைப் பற்றி வரைந்த ஓவியங்களைக் கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிட்டு நூலாக்கியதும் அப்பதிப்பகமே. பஜ்ஜு ஷியாமுக்கு 2018இலும் துர்கா பாய்க்கு 2022இலும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நேயர்களே, தொடக்கத்தில் சொன்னபடி இருவரையும் சேர்த்துப் பேசியதன் காரணத்துக்கு வருகிறேன். செராவின் ஓவியத்தைச் சலோன் நடுவர்கள் கலையென்று ஏற்கவில்லை. ஜன்கர் போபாலுக்கு வருவதற்கு முன், அவர் சுவரில் தீட்டியதற்கு ஓவியம் என்றோ, அவருக்கு ஓவியர் என்றோ பட்டணத்தில் யாரும் பெயரிட்டதில்லை. இரண்டு இடத்திலும் ஓவியம் முன்பே இருந்தது. பார்க்கும் கண்தான் பிந்தி வந்தது. புள்ளிகளைச் சேர்த்து உருவம் காண்பது கண்ணின் வேலை என்றால், அந்த உருவத்துக்குப் பின்னால் ஒரு கலைஞர் இருக்கிறார் என்று காண்பதும் அதே கண்ணின் கடமையல்லவா?

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. தீபாவளிக் காலத்தில் நம் நாட்டின் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் இடுகிறார்கள். ஜொகூர் பாருவிலும் கோலாலம்பூரிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல்மாடியில் நின்று பார்த்தால் தோகை விரித்த மயில். இறங்கி வந்து அருகில் குனிந்து பார்த்தால் நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒவ்வோர் அரிசியும் ஒரு புள்ளி. செரா ஆய்ந்த அதே உண்மை நம் காலடியில் கிடக்கிறது. மணிக்கணக்கில் முதுகு வளைத்து அதை இட்டவர்களைப் பற்றி நாம் எத்தனை முறை விசாரித்திருக்கிறோம்? மயிலைப் படம் பிடிக்கிறோம், போய்விடுகிறோம். சில நாளில் கோலமும் வழித்து அள்ளப்பட்டுவிடும்.

அடுத்த தீபாவளிக்கு அப்படியொரு கோலத்தைக் கண்டால், முதலில் தொலைவில் நின்று பாருங்கள். பிறகு அருகில் சென்று பாருங்கள். அதன்பின் இட்டவர் யார் என்று கேட்டு, அவருடைய பெயரைக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். பாட்டன்கர் சென்ற அந்த இளைஞர் குழு செய்ததும் அவ்வளவுதான். சுவரைப் பார்த்து வியந்ததோடு நில்லாமல், வரைந்தவர் யார் என்று கேட்டது.